இல்லாத பிரேக்

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்குத் தாள் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. வண்டி ஓட்டிக் காட்ட வருபவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முப்பது கேள்விகள் அச்சடித்த தாளை மடியில் வைத்துக்கொண்டு, தவறுக்குத் தவறு புள்ளி போடுவது அவர் வேலை. பதினைந்து புள்ளி வரை பாஸ், பதினாறு என்றால் ஃபெயில். அழுதாலும் பதினாறு பதினாறுதான். ஒருமுறை அலுவலகத் தலைவரின் மைத்துனியையே ஃபெயிலாக்கினார். தலைவர் கூப்பிட்டுக் கேட்டபோது வாயைத் திறக்காமல் தாளைத் திருப்பிக் காட்டினார். தலைவர் மென்று விழுங்கிக்கொண்டு வேறு கோப்பை எடுத்தார்.

ஆனால் தாள் சாரின் உடம்பில் ஒன்று மட்டும் தாளுக்குக் கட்டுப்படவில்லை. அவருடைய வலது கால். பக்கத்து இருக்கையில் பிரேக் கிடையாது, வெறும் தரைவிரிப்புதான். ஓட்டுபவர் கொஞ்சம் தடுமாறினால் போதும், அந்தக் கால் தானாகவே விரிப்பை ஓங்கி மிதிக்கும். கூட வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். "இன்னிக்குக் கால் எத்தனை மார்க் போட்டுச்சு சார்?" என்று தேநீர் வேளையில் கிண்டலடிப்பார்கள். "அது நரம்புக் கோளாறு, மார்க் போடுறது தாள்தான்" என்பார் அவர்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த பேக்கரிக்காரர் ஓட்டிக் காட்டியபோது தாளில் விழுந்தது நான்கே புள்ளி. காலோ புறப்பட்டதிலிருந்து திரும்பி வரும் வரை மிதித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் நாலு நாலுதான் என்று பாஸ் போட்டார். மூன்றே வாரத்தில், ஒரு சந்திலிருந்து வந்த லாரியைப் பார்க்காமல் பேக்கரிக்காரர் நேரே போய் மோதினார். இடுப்பெலும்பு போயிற்று. இப்போது கைத்தடியோடு கடையில் நிற்கிறார். தாள் சார் ரொட்டி வாங்கப் போனால், "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, நான்ல பாத்து ஓட்டியிருக்கணும்" என்பார். திட்டியிருந்தாலும் தேவலை.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் அவருடைய அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் கார் இருக்கிறது. அத்தானுக்கு அடிக்கடி தலை சுற்றுவதால் இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுவரை எதிர்வீட்டுக்காரர் அழைத்துப் போய் வந்தார். அவர் வேலை மாற்றலாகி மாதக் கடைசியில் கிளம்புகிறார். வாடகைக் கார்க்காரர்கள் வருவேன் என்பார்கள், விடிந்தால் போனை எடுக்க மாட்டார்கள். தம்பிக்கு ஏழரைக்கெல்லாம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எத்தனை நாள் விடுப்பு எடுப்பார்? ஆக, அக்கா ஓட்டினால்தான் உண்டு.

மூன்று மாதமாகச் சாயங்காலம் தோறும் சொல்லிக்கொடுத்தார். அக்காவும் கற்றுக்கொண்டாள். சொந்தத் தம்பி அக்காவைச் சோதிக்கக் கூடாது, வேறொரு அதிகாரிதான் சோதிப்பார். ஆனால் மனுவில் "இவர் தயார்" என்று கற்றுக்கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் மனு போய்ச் சேராவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான்.

புதன்கிழமை காலை அக்கா தன் வீட்டு மேசையில் மனுவை வைத்தாள். தம்பி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பழகுக்கா."

"ஏன்? நேத்து எத்தனை புள்ளி போட்ட?"

"மூணு."

"முந்தாநாள்?"

"அதுவும் மூணு."

"அப்புறம் என்னடா?"

அவர் தரையைப் பார்த்தார். "கால் மிதிக்குதுக்கா. நிக்காம மிதிக்குது."

அக்கா ஒரே போடாகப் போட்டாள். "நல்லா இருக்கே நியாயம்! ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் தாளு, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் காலா?"

உள்ளே படுத்திருந்த அத்தான், "மச்சான், எனக்கு ஒரு பயமும் இல்ல. என் பொண்டாட்டி ஓட்டுனா நான் கண்ண மூடிக்கிட்டு உக்காருவேன்" என்று குரல் கொடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அன்று தாள் சாருக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அக்கா கேட்டது நியாயமான கேள்வி, அதுதான் தொல்லை. பேக்கரிக்காரர் விஷயத்தில் தாளை நம்பினார், கால் சொன்னதுதான் சரியாயிற்று. இப்போதும் தாளை நம்பி அக்காவும் அத்தானும் ஏதாவது ஒன்றில் மோதினால், அப்புறம் தான் உயிரோடிருந்து என்ன பயன்? சரி, காலை நம்பலாம் என்றால், அது அக்கா என்பதற்காகவே மிதிக்கும் கால் ஆயிற்றே. அக்கா காய்கறி நறுக்கினாலே அவருக்குக் கை பதறும். பாசத்துக்கு மிதிக்கிறதா, ஆபத்துக்கு மிதிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல அவரிடம் ஒரு தாளும் இல்லை.

கடைசியில் கண் மேடத்திடம் போய் உட்கார்ந்தார். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவைத்து, வருபவர்களின் பார்வையைச் சோதிக்கும் அம்மாள் அவர். இருபது வருடமாக அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பார்த்து, ஒருவர் பொய் சொல்ல வாயெடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கால் எங்கெங்க மிதிக்குதுன்னு என்னிக்காவது எழுதிப் பாத்தீங்களா?" என்றார்.

"காலுக்குப் போய் எவனாவது கணக்கு எழுதுவானா மேடம்?"

"எல்லாத்துக்கும் எழுதுறீங்க, அதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? சாயங்காலம் நான் பின்னால உக்காந்து வர்றேன்."

புதன்கிழமை சாயங்காலம் அக்கா ஓட்டினாள், தம்பி பக்கத்தில், கண் மேடம் பின்னிருக்கையின் நடுவில். பின்னாலிருந்து தாள் சாரின் முழங்கால் தெரிந்தது, கண்ணாடியில் அக்காவின் கண்கள் தெரிந்தன. முக்கால் மணி நேரம் ஊரைச் சுற்றினார்கள். திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும் கண் மேடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

"மொத்தம் பதினோரு தடவை மிதிச்சீங்க. அதுல எட்டு, சந்து வந்து சேர்ற இடம். எட்டுலயும் உங்க அக்கா உங்களுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, ரெண்டு பக்கமும் பாத்துட்டாங்க. அவங்க கண்ணை நான் பாத்தேன். ஒரு சந்துல நாய் கூட இல்ல, அங்கயும் மிதிச்சீங்க."

தாள் சார் காகிதத்தையே பார்த்தார். பேக்கரிக்காரர் மோதியதும் ஒரு சந்து முனையில்தான்.

"சார், உங்க கால் பொய் சொல்லல. ஆனா அது யாரைப் பத்திச் சொல்லுதுன்னு நீங்க கேக்கவே இல்ல. அந்த எட்டும் உங்க அக்காவுக்குப் போட்டது இல்ல. அந்த பேக்கரிக்காரருக்கு அன்னிக்கே போட்டிருக்க வேண்டியது."

இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த எதுவோ அவருக்கு அசைந்தது. அழுகை வந்தது. அக்காவுக்கு முன்னால் அழுதால் அவளும் அழுவாள் என்று அடக்கிக்கொண்டார். அக்காவோ, "அப்பாடா, அப்ப கையெழுத்துப் போடு" என்று பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"இருங்க, இன்னும் மூணு இருக்கு" என்றார் கண் மேடம். "அந்த மூணும் நேர் ரோடு. முன்னால ஒண்ணுமே இல்ல. ஆனா மூணு தடவையும் சார் தொண்டையைச் செருமுனார். உடனே நீங்க முழுசா அவர் பக்கம் திரும்பி 'என்னடா'ன்னு கேட்டீங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு வினாடி ரோட்டைப் பாக்கல, அப்பத்தான் கால் மிதிச்சுச்சு."

தாள் சார் மனசுக்குள் முப்பது கேள்விகளையும் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடி பார்த்தாரா, இருக்கிறது. சிக்னல் பார்த்தாரா, இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாரா என்று ஒரு கேள்வி கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் சோதனையின்போது அதிகாரி வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவரும் இத்தனை வருடமாக இருமலைக்கூட அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். பேசாத ஆளை வைத்துக்கொண்டு எத்தனை பேரைப் பாஸ் போட்டிருப்பார்!

"இருமினா திரும்பிப் பாக்காம எப்படிம்மா இருக்கறது?" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "அம்மா வேலைக்குப் போனதுலருந்து இவன் இருமினா நான்தானே பாத்தேன். இப்ப அவர். ராத்திரியில அவர் புரண்டு படுத்தாலே எனக்கு முழிப்பு வந்துரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயும் அவர் முனகுவாரே அக்கா" என்றார் தம்பி. "நீ பாசத்துல திரும்புவ. திரும்புற அந்த ரெண்டு வினாடியில..." அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு இருமுடா, நான் திரும்பாம ஓட்டுறேன்" என்றாள்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டார். அத்தானைப் பின்னிருக்கையில் உட்கார வைத்தார்கள். இனி அதுதான் அவருடைய இடம் என்று முடிவாயிற்று. காலையிலும் மாலையிலும் ஓட்டினார்கள். தம்பி இருமினார், தும்மினார், சாவிக்கொத்தைக் கீழே போட்டார். அத்தானுக்கு நடிப்பு அமோகமாக வந்தது. "ஐயோ, உயிர் போகுதே" என்று அவர் கத்திய கத்தலில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்றுவிட்டார். முதல் பத்துத் தடவையும் அக்கா திரும்பினாள். அதன் பின் கழுத்து மட்டும் வெடுக்கென்று அசைந்தது. சாயங்காலத்துக்குள் கண்ணை ரோட்டில் வைத்தபடியே, "என்னங்க, சொல்லுங்க" என்று கேட்கவும், அவசரம் என்றால் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு மட்டும் திரும்பவும் பழகியிருந்தாள். இறங்கும்போது அவள் கழுத்து வலிக்கிறது என்றாள். தம்பி தைலம் தேய்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டார். போடும்போது மேசைக்கடியில் கால் ஒரு தடவை தரையை மிதித்தது. மிதித்துக்கொள் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் அக்கா பாஸானாள். இரண்டு புள்ளி. எந்தத் தவறுக்கு அந்த இரண்டு என்று அலுவலகத்தில் போய் விசாரித்துவிட்டுத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

எதிர்வீட்டுக்காரர் கிளம்பிப் போன மறுநாள் காலை ஆறரை மணிக்கு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று தாள் சார் அக்கா வீட்டு வாசலில் நின்றார். அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாக நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா வந்த ஆள். "ஏறித் தொலை" என்றாள் அக்கா.

பேக்கரிக்காரர் மோதிய அந்தச் சந்து ஆஸ்பத்திரி வழியில்தான் இருந்தது. அக்கா வேகத்தைக் குறைத்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், தாண்டினாள். கால் மிதிக்கத்தான் மிதித்தது. அதே சமயம் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. இது நடிப்பில்லை, நிஜம். தாள் சார் அக்காவின் கண்ணைத்தான் முதலில் பார்த்தார். அது ரோட்டை விட்டு அசையவில்லை. இண்டிகேட்டர் போட்டாள், பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழி விட்டாள், ஓரம்கட்டினாள், கை பிரேக்கை இழுத்தாள். அப்புறம்தான் உடம்போடு திரும்பினாள்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு."

"எப்படி?"

அத்தான் அசடு வழிந்தார். "வீட்டுலருந்து உன் சீட்டை மிதிச்சுக்கிட்டே வர்றேன்ல."

கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன் என்றவர்! அக்கா சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. கை நீட்டி அவர் கெண்டைக்காலை நீவிவிட்டாள். பிறகு தம்பியின் காலடியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டு பேரும் நல்லா மிதிங்க. நான் வேணாம்னா சொல்றேன்? ஆனா பிரேக் எங்கிட்டதான் இருக்கு."

கண்ணாடி பார்த்து வண்டியை எடுத்தாள். தாள் சாருக்குக் கண் நிறைந்தது. எவ்வளவு அடக்கியும் முடியாமல் ஒருமுறை செருமிவிட்டார்.

அக்கா திரும்பவில்லை. "அழுவாதடா" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கியரை மாற்றினாள்.