நீலப் புள்ளி நூலகத்தில் இருக்கிறது

...அவன் செய்திக்குப் பதில் சிவப்பு இதயம் மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்று, என்று அறைத்தோழியிடம் சொன்னோமா இல்லையா, இரண்டு அனுப்பித் தொலைத்தால் ஸ்பேனருக்கு, எந்நேரமும் கையில் ஸ்பேனரோடு நிற்பதால் இவள் அவனுக்கு வைத்த பெயர் அது, உடனே மூக்கில் வியர்த்துவிடுமே, "என்ன, இன்னைக்குப் பாசம் பொங்குது?" என்று கிளம்பி வந்துவிடுவானே, வந்தால் நூலகத்தின் இரண்டாம் மாடியில் என்ன இருக்கும், இவளுடைய செல்பேசி இருக்கும், அதை மடியில் வைத்துக்கொண்டு அறைத்தோழி இருப்பாள், இவள் மட்டும் இருக்கமாட்டாள், இவள்தான் ஊரைச் சுற்றுகிற பேருந்தின் கடைசி வரிசையில், தூறலுக்குச் சாத்திய கண்ணாடி ஓரத்தில், பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்தவள் மாதிரி வெறுங்கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கை தானாகப் பையைத் துழாவுகிறது, இல்லை, இல்லை, விட்டுவிட்டுத்தானே வந்தாய்? அறைத்தோழி அப்போதே கேட்டாள், "ஏண்டி, அவன் நேர்லயே வந்து நின்னா?" "பாத்ரூம் போயிருக்கேன்னு சொல்லு." "ஒரு மணி நேரமாவா? அவன் ஆம்புலன்ஸையே கூப்பிடுவான்." சிரித்தார்கள், சிரித்தபடியே இவள் தன் செல்பேசியின் பூட்டு எண்ணையும் சொல்லிக் கொடுத்தாள், காதலனிடமிருந்து ஒரு மணி நேரத்தை ஒளிக்க ஜாதகம் முழுவதையும் தோழி கையில் கொடுத்த புத்திசாலி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்யக் கிளம்பினாள்? ஒன்றுமில்லை. அதுதான் வேடிக்கை. இன்னொருவனைப் பார்க்கப் போனாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். சும்மா. எங்கே இருக்கிறாள் என்று ஓர் ஈ காக்கைக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான், அதைப் போய் எப்படிச் சொல்வது, "உன்னைப் பிடிக்கும், ஆனா நீ பாக்காம இருக்கணும்" என்றா, சொன்னால் அவன் முகம் எப்படித் தொங்கும் என்று தெரியாதா. சேர்ந்த புதிதில் இனித்தது, அவன் செல்பேசி வரைபடத்தில் இவள் நீலப் புள்ளி, இவள் வரைபடத்தில் அவன் பச்சைப் புள்ளி, புள்ளிகள் இரண்டும் நெருங்க நெருங்க வகுப்பு முடியுமுன்பே பையைத் தூக்கிவிடுவாள், வானத்தில் சுற்றுகிற அத்தனை செயற்கைக்கோளும் மழை புயல் பார்க்கிற வேலையைப் போட்டுவிட்டு இந்த ஒரு காதலுக்குத்தான் காவல் நின்றன. அப்புறம்? "கேன்டீன்ல ஏன் அவ்ளோ நேரம்?" "பின்கேட் பக்கம் என்ன வேலை?" புள்ளிக்கு நகரவும் பயம், நிற்கவும் பயம். போன வாரச் சண்டையில் அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான், "இன்னொரு தடவை லொகேஷன் ஆஃப் ஆச்சுன்னா, நாம பேசிக்க ஒண்ணுமில்ல." அதனால்தான் அணைக்கவில்லை. அணைக்காமல் நூலகத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தாள். கிளம்புமுன் மறக்காமல் அவன் புள்ளியையும் பார்த்தாள், ஒர்க்‌ஷாப்பில் இருந்தது, பத்திரமாக, ஆணி அடித்தாற்போல். நல்லது. அங்கேயே கிட, ராஜா.

பேருந்து மருத்துவமனை நிறுத்தத்தில் நின்றது, முன்வாசலில் நனைந்த குடை, காய்கறிப் பை, பள்ளிச் சீருடை, அதற்குப் பின்னால் ஒரு சாம்பல் சட்டை, அந்தச் சட்டையின் காலரில் கிரீஸ் கறை, அந்தக் கறையை இவள்தானே நேற்று எலுமிச்சை தேய்த்தால் போகும் என்று... ஐயோ. ஸ்பேனர். உடம்பிலிருந்த ரத்தம் முழுவதும் செருப்பு வழியாக இறங்கிவிட்டது, முன்இருக்கைக்குப் பின்னால் சரேலென்று குனிந்தாள், தொடர்ந்து வந்துவிட்டானா, எப்படி வர முடியும், புள்ளி நூலகத்தில் இருக்கிறதே, அந்தக் கடன்காரி காட்டிக்கொடுத்துவிட்டாளா, "என்னம்மா, குனிஞ்சு என்ன தேடுற?" என்றாள் பக்கத்து இருக்கை அம்மா. "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, செருப்பு." "செருப்பா! இரு, லைட் அடிக்கிறேன்." அந்தக் குரல் இருக்கிறதே, எதிர்ச்சாரியில் போகிற பேருந்துகளே பிரேக் போட்டிருக்கும், அதோடு செல்பேசி விளக்கு வேறு, திருட்டுக் கோழியைப் பிடித்த மாதிரி நேராக இவள் முகத்தில், முன்னால் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின, முடிந்தது கதை, இப்போது அவனும் திரும்புவான், "நூலகம் எப்ப சக்கரம் வச்சு ஓட ஆரம்பிச்சுது?" என்று கேட்பான், பேச இனி ஒன்றுமிருக்காது... ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. "கெடச்சிடுச்சு ஆன்ட்டி, அணைச்சிடுங்க, ப்ளீஸ்."

இருக்கைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்னால் கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்துவிட்ட அவன் கை சட்டைப் பையைத் தடவியது, கால்சட்டைப் பையைத் தடவியது, வெறுமையாகத் திரும்பி மடியில் விழுந்தது, இவள் கை செய்த அதே பைத்தியக்காரத்தனம், அச்சு அசலாக. ஆக, பச்சைப் புள்ளி ஒர்க்‌ஷாப்பில் யார் மேசையில், யார் காவலில்? யாரைப் பார்க்கப் போகிறாய்டா, எவள் அவள், இரு, இறங்குகிற இடத்தில் நானும் இறங்குகிறேன், கையும் களவுமாக... அவன் கண்ணாடியில் ஊதினான். படிந்த ஆவியில் விரலால் ஒரு மீசை வரைந்தான், தன் நிழல் முகத்துக்குப் பொருத்தமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தான், தோள் குலுங்கியது, தனியாகச் சிரிக்கிறான், அழித்தான், இன்னும் பெரிய மீசை. இந்தச் சிரிப்பை எப்போது கடைசியாகப் பார்த்தோம்? இவளோடு இருக்கும்போது அவன் சிரிப்பதில்லையா என்ன, சிரிப்பான், ஒரு கண்ணால் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"கடைசி ஸ்டாப்! எறங்குறவங்க எறங்குங்க, திரும்பிப் போறவங்க உக்காந்துக்கலாம்" என்றார் ஓட்டுநர். குடை இறங்கியது, காய்கறிப் பை இறங்கியது, விளக்கு ஆன்ட்டி "செருப்பைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவன் எழுவான் என்று இவள் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எழவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். எவளும் இல்லை, எந்த இடமும் இல்லை, இவளைப் போலவே சும்மா, ஒருத்தியும் பார்க்காத கொஞ்ச நேரத்துக்காக, அந்த ஒருத்தி யார்... நேற்று இரவு "ஒர்க்‌ஷாப்லருந்து நேரா ரூமுக்குப் போகாம எங்க சுத்துன?" என்று கேட்டது எந்தக் குரல், அன்பாகத்தானே கேட்டோம், அவனும் அப்படித்தானே கேட்கிறான். மாலையில் சந்தித்துக்கொள்வார்கள், அவன் ஒர்க்‌ஷாப் என்பான், இவள் நூலகம் என்பாள், இரண்டு புள்ளிகளும் சத்தியம் செய்யும். பேருந்து உறுமித் திரும்பியது. இவள் கால்களை இருக்கையின் மேல் இழுத்துக்கொண்டு மூச்சை அடக்கினாள், இப்போது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தினால் அல்ல, அவன் விழித்துவிடக் கூடாதே என்று, முகத்தைக் கூடத் தன் பக்கத்துக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டாள், பார்க்கக் கூடாது, பாவம், இது அவனுடைய நேரம், பார்க்கவே கூடாது... ஆனால் அந்தக் கண்ணாடியிலும் அவன்தானே தெரிகிறான்.