வாசற்படியில் ஒரு ஜோடி ஷூ

பெரிஹான் வீட்டுக்குப் பார்சல் வராத நாளே கிடையாது. துருக்கியின் எல்லையோர ஊரான எடிர்னேயில் தெருவை ஒட்டிய தரைத்தள வீடு அவளுடையது. கைப்பிடி ஆடினால் போதும், சட்டி வெளியே போய்விடும். சாயம் கொஞ்சம் மங்கினால் திரைச்சீலையும் போய்விடும். புதுசு வந்து இறங்க, பழசு கிளம்ப, வீடே பேருந்து நிலையம் மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது புருஷனுக்கு ஷூ. ரிஃபாத் லாரி ஓட்டுகிறவன். பல்கேரியாவுக்குச் சரக்கு ஏற்றிப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டில் விட்டுப் போன ஷூவுக்கு நுனியில் லேசாக வாய் பிளந்திருந்தது, அவ்வளவுதான். "வந்ததும் ஒட்டக் கொடுக்கணும், தூக்கிப் போட்டுடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் காதில் அது ஏறவில்லை. தெருமுனைக் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்ததால், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசற்படியில் ஜோடியாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷூவை அப்படி எப்போது வெளியே வைப்பார்கள் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் ஒருவர் செத்தால் அவருடையதை வைப்பார்கள், இல்லாதவன் எவனாவது எடுத்துப் போட்டுக்கொள்வான். தன் அப்பாவுக்குப் பெரிஹானே வைத்திருக்கிறாள். ஆனால் தினமும் எதையாவது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிற கைக்கு, எதை எங்கே வைக்கிறோம் என்ற நினைப்பு எங்கிருந்து வரும்?

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ஹாஜர் அக்கா சூப் சட்டியோடு நின்றாள். பின்னால் இரண்டு பெண்கள். ஹாஜர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? அல்லா அவனுக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்."

"யாருக்கு அக்கா?"

"ரிஃபாத்துக்குத்தான். பாடி எப்போ வருது?"

இவர்களுக்குச் சேதி வந்துவிட்டது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று பெரிஹான் நினைத்தாள். ரிஃபாத்துக்குப் போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடியும் அடித்தாள். அதே குரல். அதற்குள் வந்தவர்களில் ஒருத்தி அவள் அடுப்பில், இழவு வீட்டில் கிண்டும் ஹல்வாவுக்கு மாவு வறுக்கவே தொடங்கிவிட்டாள்.

"யார் சொன்னாங்க அக்கா? எந்த ரோட்டுல?"

"யார் சொல்லணும்? அவன் ஷூ வாசல்ல இருந்துச்சே."

பெரிஹான் வெளியே ஓடிப் பார்த்தாள். படி காலியாக இருந்தது. தான் செய்த காரியத்தை விக்கி விக்கிச் சொன்னாள்.

"அப்போ அவன் உயிரோடதான் இருக்கானா?"

"போன் அணைஞ்சு கிடக்கே அக்கா."

ஷூதான் காரணம் என்று தெரிந்த பிறகும் நெஞ்சுக்குள் புகுந்த பயம் போகவில்லை. இன்னும் அரைமணி நேரம் போனைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக அது அடித்தது.

"சார்ஜ் போயிடுச்சு. எல்லையில விடிஞ்சதிலிருந்து லைன்ல நிக்கிறேன்" என்றான் ரிஃபாத்.

அவளுக்கு அழுகையைத் தவிர எதுவும் வரவில்லை. ஹாஜர் போனைப் பிடுங்கினாள்.

"டேய், செத்துட்டியா இல்லையா?"

"இப்போதைக்கு இல்லக்கா. ஏன்?"

"உனக்கு ஹல்வா கிண்டியாச்சு. நீயே வந்து தின்னு."

போனை வைத்துவிட்டு ஹாஜர் திரும்பினாள்.

"செத்தவன் ஷூவை வைக்கும்போதே நமக்குக் கை நடுங்கும். நீ உயிரோட இருக்கிறவனுதை யோசிக்காம வச்சிருக்கே. எறிஞ்சே பழகிட்டா எதுக்கு என்ன மதிப்புன்னே மறந்துபோகும்டி. இன்னிக்கு ஷூ எதைச் சொல்லும்ங்கறதையே மறந்துட்டே."

பெரிஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புரியுதுக்கா. ஒட்டத்தான் கொடுத்திருக்கணும்."

"எடுத்துட்டுப் போனவன் ஒட்டிப் போட்டுக்குவான். அவனுக்கு அந்தப் புத்தி இருக்கு" என்றாள் ஹாஜர்.