மெழுகுவர்த்தி டெஸ்ட்

என் வீட்டுக்காரர் கொஞ்ச காலமாகவே கறுப்பைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். நல்ல கறுப்பு. சாம்பல் பூக்காத கறுப்பு. வெளிச்சத்தைப் பார்த்து புரொஜெக்டர் வாங்குகிறவன் ஏமாளி, விஷயம் தெரிந்தவன் கறுப்பைத்தான் பார்ப்பான், நல்ல கறுப்பில்தான் இருட்டுக்குள் இருப்பதும் தனித்தனியாகத் தெரியும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் பாடம் எடுப்பார். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். நான் தலையாட்டுவேன். கல்யாணமானதிலிருந்து எனக்கு நன்றாகக் கைவந்த வேலை அதுதான்.

மாடியில் சும்மா கிடக்கும் அறையை ஹோம் தியேட்டர் ஆக்குவது என்று முடிவாகியிருந்தது. அதாவது, அவர் முடிவு செய்திருந்தார். அவருடைய மேனேஜர் வீட்டில் ஒன்று இருக்கிறதாம். அதைவிட ஒரு படி மேலாக எங்கள் வீட்டில் இருக்க வேண்டுமாம். இந்த மேனேஜர் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் வீட்டில் சோபா மாறியது, வாசல் விளக்கு மாறியது, பாப்பாவின் பள்ளிக்கூடமும் மாறியது. நான்தான் இன்னும் மாறாமல் கிடக்கிறேன்.

அந்த மாடி அறை என் அப்பாவுக்காகக் கட்டியது. அப்பா ஒரு கம்பெனியில் கார் ஓட்டினார். அம்மா இறந்த பிறகு தனியாக இருந்தவரை எங்களோடு வந்துவிடும்படி கெஞ்சிக்கொண்டிருந்தேன். அரை மனதாகச் சம்மதித்தும் இருந்தார். அப்போதுதான் பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாள் வந்தது. டியூட்டி முடிந்ததும் நேரே வருவதாகச் சொன்னவர் வரவேயில்லை. மறுநாள் போனில் கேட்டால், "வேலை இழுத்துடுச்சும்மா" என்று ஒரே வரி. அதற்கப்புறம் இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. வீட்டுக்காரரோ, "உங்கப்பாவுக்கு நம்ம வீடு ஒத்து வராது, விட்டுடு" என்றார். எனக்கு இருந்தது ஒரே குழந்தை, அவருக்கு ஒரே பேத்தி. அவள் கேக் வெட்டுவதைப் பார்க்க வராதவருக்கு அறை எதற்கு என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். வீம்பு தணிந்து, அவர் வந்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தபோது அறை தியேட்டர் ஆகிக்கொண்டிருந்தது. புரொஜெக்டர் மெஷினை வாங்கிவிட்டால் அந்த அறையை நான் மறந்துவிட வேண்டியதுதான். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? வராதவர் என் அப்பாதானே.

மெஷின் விற்கிற ஷோரூமில் என் வீட்டுக்காரரின் தலை தெரிந்தாலே ஆளுக்கொரு பக்கமாக நழுவிவிடுவார்கள். அன்றைக்கு நானும் பாப்பாவும் கூட இருந்ததால் விற்பனைக்காரர் தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். சுவரெல்லாம் கறுப்புத் துணி போர்த்திய அறையில் எங்களை உட்கார வைத்தார். எதிரே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகள். இடது பக்கம் விலை குறைந்த மெஷின், வலது பக்கம் உசத்தியானது. ஒரே படம் இரண்டிலும் சேர்ந்து ஓடும். கடல், கிளி, ஓடும் குதிரை என்று என்னென்னவோ காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"கடைப் படத்துல எல்லா மெஷினும் அழகாத்தான் தெரியும்," என்று பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார் இவர். "இதைப் போடுங்க. மெழுகுவர்த்தி டெஸ்ட். இருட்டு ரூம், நடுவுல சின்ன வெளிச்சம். இதுல எந்த மெஷினோட வண்டவாளமும் வெளிய வந்துடும்."

பாப்பாவின் அந்தப் பிறந்தநாள் வீடியோ. பெரிய கேமராக்காரரை வைத்து எடுத்தது. வீட்டு டிவியில் நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். விளக்கையெல்லாம் அணைத்ததும் பாப்பாவின் முகமும் கேக்கும் மட்டும்தான் தெரியும். சுற்றிலும் மை பூசின மாதிரி இருக்கும்.

இடது பக்கத் திரையில் அப்படித்தான் இருந்தது. வலது பக்கத்தில் ஜனங்களின் தோள்கள் தெரிந்தன, பின்னால் திரைச்சீலையின் மடிப்பு தெரிந்தது. இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பாத்தியா? பாத்தியா? இதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"இன்னும் கொஞ்சம் இருட்டைத் தூக்கி விடறேன் சார்," என்று விற்பனைக்காரர் ரிமோட்டை அழுத்தினார்.

வாசல் நடை தெரிந்தது. அங்கே ஒருவர் டிரைவர் யூனிபாரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பெரிய கரடி பொம்மை. அதன் காதைப் பிடித்து நேராக்கிக்கொண்டே எட்டி எட்டிக் கேக் பக்கம் பார்த்தார். என் அப்பா.

கூட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் அவரிடம் போனார். ஏதோ சொன்னார். அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு பொம்மையை நீட்டினார். இவர் அதை வாங்காமல் அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, முதுகில் கை வைத்து, கதவுக்கு வெளியே விட்டுச் சாத்தினார். திரும்பி வெளிச்சத்துக்கு வந்து எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். மேனேஜர் அவர் தோளில் கை போட்டார்.

நான் அந்தக் கூட்டத்தின் நடுவில் பாப்பாவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியக்காரி மாதிரி சிரிக்கிறேன்.

"அப்பா, அந்த டிரைவர் யாரு?" என்றாள் பாப்பா. "ஏன் அவரை வெளிய தள்ளுறீங்க?"

இவர் எழுந்து நின்றார். "போதும், நிறுத்துங்க. இடது பக்கம் இருக்கே, அதையே எடுத்துக்கறேன்."

விற்பனைக்காரர் குழம்பிப்போனார். "சார், நீங்க கேட்ட கறுப்பு வலது பக்கத்துலதான்..."

"ரெண்டும் ஒண்ணுதான்யா! அது கண்ணைக் குத்துது."

ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, ராத்தூக்கம் கெட்டு, கறுப்பு கறுப்பு என்று உயிரை வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்த நேரத்தைப் பாருங்கள்.

"அப்பா வந்தாரா?" என்றேன்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வந்தாரா இல்லையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர்கிட்ட மாமா ரிட்டயர்டு ஆபீசர்னு சொல்லி வெச்சிருந்தேன். இவர் யூனிபாரத்தோட வந்து நிக்கிறார். நான் என்னதான் பண்ணட்டும்? சட்டையை மாத்திட்டு வாங்கன்னுதான் சொன்னேன். அவரே புரிஞ்சுக்கிட்டாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னதே அவர்தான், தெரியுமா?"

அப்பா பொறுத்துப் போனதையும் இவர் தன் பெருமையில் சேர்த்துக்கொண்டார். எவ்வளவு தாராள மனசு!

"எந்த மெஷினும் வேணாம். அந்த ரூம்ல கட்டில் போடணும்," என்று சொல்லிவிட்டுப் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. படிக்கட்டின் ஓரமாக நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். நான் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"பாப்பா பொறந்தநாளுக்கு ஏன்பா வரல?"

"அதான் சொன்னேனேம்மா, வேலை இழுத்து..."

"வீடியோல பாத்துட்டேன்பா. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கிளம்பி வந்துடுங்கப்பா. ரூம் உங்களுக்குத்தான். யார் என்ன சொல்றாங்கன்னு பாத்துக்கறேன்."

"வேணாம்மா. மாப்பிள்ளைக்குச் சங்கடம். நாலு பெரிய மனுஷங்க வந்து போற வீடு. நீ இதைப் பெரிசு பண்ணாத, சண்டை கிண்டை போட்டுடாத." அவர் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. வர மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாப்பாவும் பாத்தாளா?"

"பாத்தாப்பா."

"அடையாளம் தெரிஞ்சுச்சா அவளுக்கு?" குரலில் அப்படி ஓர் ஆசை. "தாத்தான்னு சொன்னாளா?"

பாப்பா என் கையை இழுத்து இழுத்து, "யாரும்மா? யாரும்மா போன்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவருக்குக் கேட்காதபடி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

பிறகு கையை எடுத்து, "சொன்னாப்பா," என்றேன். "பாத்ததுமே தாத்தான்னு சொல்லிட்டா."