நாற்பத்தேழு வயசாச்சு

உரித்துக் குளிரவைத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கித் தலைக்கு மேல் ஓடும் சங்கிலியின் கொக்கியில் மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு முப்பது. அர்கன்சாஸின் அந்தக் கோழி ஆலையில் பதினெட்டு வருடமாக வெர்லின் டுகனுக்கு அதுதான் வேலை. அங்கே எல்லோரும் பாடிக்கொண்டேதான் மாட்டுவார்கள். தாளம் இருந்தால் கை தவறாது.

போன மாதம் அவனுக்கு நாற்பத்தேழு முடிந்தது. அன்றிலிருந்து ஆள் ஒரு நிலையில் இல்லை. பழைய கிதார் ஒன்று வாங்கினான், மீசைக்குச் சாயம் பூசினான், சொந்தமாக ஒரு பாட்டே கட்டிவிட்டான். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சந்தை மேடையில் பாடப் பெயரும் கொடுத்தாயிற்று.

“எங்களுக்கு மொதல்ல பாடிக் காட்டுய்யா. நாங்க என்ன செவிடா?” என்றாள் பக்கத்தில் நின்ற ஒலெட்டா.

“சிரிக்கக் கூடாதுக்கா.”

“சிரிக்காம? உன் மீசையப் பாத்தே சிரிச்சவதானே நான்!”

அவன் எடுத்து விட்டான்:

“நாப்பத்தேழு வயசாச்சு, மீசைக்கு மையும் பூசியாச்சு,
செவப்புக் கார் கேட்ட மனசுக்கு முட்டிவலிதான் மிச்சமாச்சு!”

வரிசையே குலுங்கிச் சிரித்தது. மறுநாளே வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் பாட்டு மனப்பாடம். ஆற அமரப் பாட வேண்டிய பாட்டு அது. பாடப் பாடக் கைகளும் ஆற அமர ஆடின. மூன்றில் ஒரு கொக்கி காலியாகப் போனதை எவரும் கவனிக்கவில்லை, கடைசியில் எண்ணுகிற இயந்திரத்தைத் தவிர.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளன் கிர்பி வந்தான். வெர்லின் மகன் வயதுதான் இருக்கும்.

“இந்த வாரம் எண்ணிக்கை ரொம்பக் கொறைஞ்சுபோச்சு. நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும்.”

“நாளைக்கு எனக்கு மேடை இருக்கு தம்பி. போன மாசமே சொன்னேனே.”

“அந்தப் பாட்டாலதானே கொறைஞ்சுது? வரலேன்னா வேலை போயிரும். என் கையில ஒண்ணுமில்ல.”

வெர்லின் அடுத்த கோழியை எடுத்து மாட்டினான். தனக்கென்று அவன் ஆசைப்பட்டது இந்த மேடை ஒன்றுதான்.

மறுநாள், மேடைக்காக மனைவி தேய்த்து வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஆலையின் வெள்ளை அங்கியை மாட்டினான். சட்டைக் காலரை ஒலெட்டா பார்த்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்ததும் ரப்பர் கையுறையால் தொட்டியைத் தட்டினாள்.

“அடுத்து பாட வர்றவர், நம்ம வெர்லின் டுகன்!”

முப்பது பேரும் ஆர்ப்பரித்தார்கள். இதைவிடப் பெரிய கூட்டம் சந்தையில்கூடக் கிடைத்திருக்காது என்று வெர்லினுக்குத் தோன்றியது. மனசு நிறைந்துபோய்ப் பாடினான்.

மேலே நடைபாலத்தில் நின்ற கிர்பியும் தலையாட்டிக் கேட்டான். “அட்டகாசம்! கொஞ்சம் வேகமாப் பாடுங்க!” என்று சிரித்தபடியே சங்கிலியின் வேகத்தைக் கூட்டும் குமிழை இரண்டு புள்ளி திருகி வைத்தான்.

கொக்கிகள் ஓடின. பாட்டும் கூடவே ஓடியது. மூன்றாவது அடியில் வெர்லினுக்கு மூச்சு வாங்கியது, பாதி வரியை ஒலெட்டா வாங்கிக்கொண்டாள். கோழித் தண்ணீர் சொட்டி நீலக் காலர் நனைந்தது. முட்டி வலிக்க வலிக்க முட்டிவலி வரியை அவன் மறுபடி மறுபடி பாடினான், முப்பது குரலும் கூடப் பாடின.

ஒரு கொக்கிகூடக் காலியாகப் போகவில்லை.