செல்ப் எடுக்காத முகூர்த்தம்

ராக்கப்பன் தன் காரை மெக்கானிக் எவனையும் தொட விடவில்லை. காமயகவுண்டன்பட்டியில் ஆளுக்குப் பஞ்சமில்லை, ஒரு போன் போட்டால் பைக்கில் வந்து இறங்குவார்கள். ஆனால் மெக்கானிக் வாய் சும்மா இருக்காது. இங்கே கழற்றிய நட்டு சாயங்காலம் கம்பத்து டீக்கடையில் பேச்சாகிவிடும். அதோடு அவர் தேடியது கோளாறை மட்டுமில்லை. கோளாறு வைத்த கையை.

அந்தக் கை தம்பி கர்ணனுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

போன வெள்ளிக்கிழமை தேவாரத்தில் தங்கச்சி சுப்புத்தாயின் மகள் மாரீஸ்வரிக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவர் ராக்கப்பன். தலைப்பாகை கட்டிக்கொண்டு பொண்ணுக்கு மாமன் மாலை போடுவது மூத்தவர் உரிமை. சீர்த்தட்டு, பட்டு, பழம் எல்லாம் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினால் கார் செத்துக் கிடந்தது. பானெட்டைத் திறந்துவைத்து முழித்துக்கொண்டு நின்றபோது, அதே தெருவில் கடைசி வீட்டுக்காரனான கர்ணனின் கார் வந்தது. வேகம் குறைந்தது. கர்ணன் எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். கார் போய்விட்டது.

தங்கச்சிக்குப் போன் அடித்தால் மேளச் சத்தத்தில் யார் எடுப்பது? தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறியிருந்தது. தலைப்பாகையோடு கர்ணன் மணவறைக்குப் பக்கத்தில் நின்றான். "அண்ணே கோவிச்சுக்கிட்டாரு, வரமாட்டாரு, நேரமாகுது நானே போட்டுர்றேன்" என்று சபையில் சொல்லியிருக்கிறான். கார் நின்றுபோச்சு என்று ராக்கப்பன் சொன்னபோது சுப்புத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வருசம் பூராம் ஓடுன காரு, எம்மக கல்யாணத்தன்னைக்குத்தான் நின்னுச்சாக்கும்?"

அந்தப் பேச்சு அவருக்குள் இன்னும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து. செத்துப்போன சாமானைக் கழற்றிக் கொண்டுபோய் சனம் கூடியிருக்கிற இடத்தில் போட்டு, "இந்தா பாருங்க, இவன் அறுத்த அறுப்பை" என்று கேட்டு, கர்ணன் முகத்தில் கரியைப் பூசாமல் விடுவதில்லை. இதைத் தெருவில் நாலு பேரிடம் அவரே சொல்லியும் வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தார். மனைவி அக்கம்மாளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"லைட்டப் போடு."

"போட்டாச்சு."

லைட் பளீரென்று எரிந்தது. ஆரனை அடிக்கச் சொன்னார். தெருநாய் எழுந்து ஓடியது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

"இப்பச் சாவியத் திருகு."

"திருகிக்கிட்டுத்தான இருக்கேன்."

"லைட்டு மங்குதா?"

"மங்கல. கண்ணு கூசுது."

இன்ஜினைக் கிளப்புகிற செல்ப்பு மோட்டார் முனங்கினால் பிரஷ் தேய்ந்திருக்கும். டிக் டிக் என்றால் பேட்டரிக்குத் தெம்பில்லை. இது மூச்சே விடவில்லை. அப்படியென்றால் சாவியிலிருந்து போகிற கட்டளை மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பம்புசெட் மோட்டாரோடு முப்பது வருசமாய் மல்லுக்கட்டுகிறவருக்கு இது கூடவா தெரியாது?

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். அவள் சொன்னதை நம்பாமல் தானே ஆட்டிப் பார்த்தார். பிறகு நீளமான ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு, பேட்டரி ஒயர் ஏறுகிற முனையையும் சின்ன ஒயர் மாட்டுகிற இடத்தையும் சேர்த்துத் தொட்டார். பொறி தெறித்தது. 'கிர்ர்' என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஆத்தாடி! உசுரு இருக்குங்க!" என்றாள் அக்கம்மாள்.

"உசுரு இருக்கு. நரம்பத்தான் அறுத்திருக்கான் களவாணிப் பய."

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி ஒதுக்கிக் கட்டினார். ஜாக்கியை நம்பாமல் ஆட்டுக்கல்லையும் உருட்டிவந்து முட்டுக் கொடுத்துவிட்டு, சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். மேல் போல்ட் மசிந்தது. கீழ்ப்போல்ட் துருப்பிடித்து வம்பு பண்ணியது. அதைத் திட்டினார், கர்ணனைத் திட்டினார், கர்ணனுக்குப் பொண்ணு கொடுத்த ஊரைத் திட்டினார். கடைசியில் மோட்டார் நெஞ்சுமேல் இறங்கியது.

வெளியே வந்து அதை வெயிலில் திருப்பினார். மோட்டார் தலையில் குட்டிச் சொம்பு மாதிரி இருக்கிற சுவிட்சில், சின்ன ஒயர் மாட்டுகிற தகடு அடியோடு ஒடிந்திருந்தது. ஒயர் முழுசாக இருந்தது. ஒரு கத்தித் தடம் இல்லை, கட்டர் பல் இல்லை. ஒடிந்த இடத்தில் முக்கால் பாகம் கறுத்து, ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் புதுசாய் மின்னியது. ரொம்ப நாளாய் விரிசல் விட்டு, கடைசியில் பட்டென்று போன ஒடிசல்.

அக்கம்மாளும் குனிந்து பார்த்தாள்.

"இது அந்த ஒயரு மாட்டுற தகடுதான?"

அவர் ஒடிசலை விரலால் தடவினார்.

இந்தப் பக்கத்தில் விவசாயம் பண்ணுகிற சம்சாரிகள் ராத்திரி தோட்டத்தை விட்டு வரும்போது பம்புசெட்டுக்குக் கரண்டு கொடுக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அடுத்தவன் தண்ணீர் இறைத்துவிடக்கூடாது. ராக்கப்பன் அதே வழக்கத்தைக் காருக்கும் வைத்திருந்தார். படுக்கப் போகுமுன் பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன ஒயரைப் பிடுங்கிவிடுவார். காலையில் சொருகுவார். எவனும் காரைக் கிளப்பிக்கொண்டு போக முடியாது.

"தெனம் பிடுங்கி, தெனம் சொருகி... நாந்தான் சொன்னேன்ல, சாவியத் தலமாட்டுல வச்சுப் படுத்தாப் போதும்னு. கட்டுன பொண்டாட்டியவே நம்பாத ஆளு..."

"வாய மூடுறியா?"

"மூடிக்கிறேன். நாளைக்கி விருந்துல எதக் கொண்டுபோயிப் போடுவீக? இதையா?"

அவள் காப்பி போட உள்ளே போய்விட்டாள். ராக்கப்பன் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை எடுத்தார். ஒயரில் ஒரே ஒரு இழுப்பு. அறுத்த மாதிரி ஆகிவிடும். எவன் கண்டான்? பிளேடை ஒயர்மேல் வைத்தும் விட்டார்.

கை நின்றது. பாவம் புண்ணியம் பார்த்து இல்லை. சபையில் பிராது என்றால் சூடம் ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். கர்ணன் காரைத் தொடவில்லை. தொடாதவன் சிரித்துக்கொண்டே அடித்து அணைப்பான். அணைத்துவிட்டுத் தலைப்பாகையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டுவான். அதை மட்டும் பார்க்க முடியாது.

பிளேடைக் கீழே போட்டார். சாக்கு மேல் உட்கார்ந்தார். கர்ணன் பார்த்துக்கொண்டே ஏற்றிய ஜன்னல் கண்ணாடிதான் மனசில் திரும்பத் திரும்ப வந்தது.

மத்தியானம் பழைய மோட்டாரையும் தூக்கிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறி, பழைய சாமான் கடையில் அதே மாதிரி செல்ப்பு மோட்டார் கேட்டார். கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை வாங்காமல், பேட்டரியில் மாட்டி ஓட விடச் சொன்னார். பல் சக்கரம் வெளியே துள்ளி வருகிறதா என்று பார்த்தார். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் போல்ட் ஓட்டையை விரலால் அளந்தார்.

"பெரிசு, பொண்ணு பாக்கக்கூட இம்புட்டுப் பாத்திருக்க மாட்டீக" என்றான் கடைக்காரன்.

"பாத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் மாட்டிவிட்டார். கீழ்ப்போல்ட்டுக்குக் கிரீஸ் தடவினார், ஒயர்களைச் சுரண்டி இறுக்கினார், பேட்டரியின் நெகட்டிவைக் கடைசியில் பூட்டினார். அக்கம்மாள் சாவியைத் திருகியதும் கார் ஒரே மூச்சில் எடுத்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய மோட்டாரைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்தில் பந்தலுக்கடியில் இலை போட்டிருந்தார்கள். ராக்கப்பன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. கர்ணன் முதல் வரிசையில் மனைவி ஜோதிலட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தெருவில் அண்ணன் சொல்லிவைத்தது அவன் காதுக்கும் வந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து சூடம் டப்பாவையே எடுத்து இலையோரம் வைத்தான்.

"அண்ணே, சிரமப்படாத. நானே கொண்டாந்துட்டேன். தட்டக் கொண்டா ஆத்தா மாரீஸ்வரி. ஒன் மூத்த மாமனுக்கு இன்னைக்கித் தெளிவாயிரட்டும்."

நாலு பேர் சிரித்தார்கள். சுப்புத்தாய் சிரிக்கவில்லை.

"அண்ணே, சாப்புடுற எடத்துல இது வேணுமா?"

"வேணும் தாயி" என்றார் ராக்கப்பன்.

தட்டில் சூடம் எரிந்தது. கர்ணன் எழுந்து கையை ஓங்கினான்.

"எங்கண்ணன் கார நான் தொடல. எங்குலசாமி மேல..."

"ஏலே, பொறு."

ராக்கப்பன் சாக்கைக் காலால் ஓரமாய்த் தள்ளினார். "காரு எப்பிடிப் போச்சுங்கிறது எனக்கும் காருக்கும் உள்ள பேச்சு. அத நான் கேக்கல. முகூர்த்தத்தன்னைக்கி நான் வாசல்ல பானெட்டத் தெறந்துக்கிட்டு நின்னத நீ பாக்கலேன்னு சொல்லு. பாத்துட்டு நீ கண்ணாடிய ஏத்தலேன்னு சொல்லு. சொல்லிட்டு அடிச்சு அணை."

கர்ணனின் கை அந்தரத்தில் நின்றது. சூடம் மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது. அவன் சிரித்துப் பார்த்தான், ஒட்டவில்லை.

"அது... அண்ணே, நேரமாச்சுன்னு..."

"நேரத்த நான் கேக்கல. பாத்தியா, பாக்கலயா?"

கர்ணனின் கை கொஞ்சம் இறங்கியது. இறங்குகிற மணிக்கட்டை ஜோதிலட்சுமி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க! புள்ளகுட்டி இருக்கு நமக்கு. சூடத்துல வேணாம்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுப்புத்தாய் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப, கோவிச்சுக்கிட்டு வரமாட்டாருன்னு சொன்னது?"

கர்ணன் இலையைப் பார்த்தான்.

"நீயெல்லாம் ஒரு மாமனாடா?" என்றாள். பிறகு மகளையும் மருமகனையும் இழுத்துவந்து ராக்கப்பனின் காலில் விழச் சொன்னாள். "இனி எம்மகளுக்கு வளைகாப்புன்னாலும் சரி, அவ புள்ளைக்கிக் காதுகுத்துன்னாலும் சரி, மொத மால எங்கண்ணே கையிலதான். எல்லாரும் கேட்டுக்கங்க."

ராக்கப்பன் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசினார். கண் மட்டும் கர்ணன் மேலேயே இருந்தது. பிறகு போய் அவனுக்கு நேர் எதிர் இலையில் சம்மணம் போட்டார்.

பந்தியில் மூத்தவர் கை கழுவ எழாமல் இளையவன் எழக்கூடாது. கர்ணனின் இலையில் போட்ட சோறு போட்டபடி கிடந்தது. ராக்கப்பன் குழம்புச் சோற்றை உருட்டி உருட்டித் தின்றார். ரசம் கேட்டார். இன்னொரு கை சோறு வாங்கி மறுபடியும் ரசம் ஊற்றச் சொன்னார்.

"அண்ணே, மோரு ஊத்தவா?" என்றாள் சுப்புத்தாய்.

"பாயாசம் வரட்டும் தாயி" என்றார். "எனக்கென்ன அவசரம்?"