குழியில் ஊறிய தண்ணீர்

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் சின்னவளுக்கு ஒரு கதவு வாய்க்கவில்லை. கணவனின் அண்ணன் வீட்டுக் கூடத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால்தான் அவர்கள் குடித்தனம். குளியலறைக்குப் போகிறவர்களெல்லாம் அந்தத் திரையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அண்ணன் நல்ல மனிதர், கடந்து போகுமுன் ஒரு தரம் இருமுவார். உள்ளே அவள் தும்மினால் வெளியே ஓரகத்தி, "என்ன, சளி பிடிச்சிருக்கா?" என்பாள். அழுவதென்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும். அதற்கும் "தண்ணி வீணாப் போகுது பாரு" என்று குரல் வரும். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறலாம் என்றால் அதற்கும் ஒரு முகாந்திரம் கிடைக்கவில்லையே!

பக்கத்துத் தெருவில் மனை வாங்கிய அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டு வரைபடத்தில் மற்றவர்கள் அறைகளை எண்ணினார்கள். அவள் கதவுகளை எண்ணினாள்.

அஸ்திவாரம் போடுமுன் மண்ணைச் சோதிக்க ஒருவர் வந்தார். மண்ணுக்காரர் என்றே அவரைக் கூப்பிட்டார்கள். நடு மனையில் பத்தடி ஆழத்துக்குத் துளை போட்டார். கறுப்புக் களிமண் கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். அஸ்திவாரம் சரியில்லன்னா முதல்ல சிக்குறது கதவுதான். மூடினா திறக்காது, திறந்தா மூடாது."

கணவன் துளைக்குள் எட்டிப் பார்த்தான். "தண்ணியே இல்ல சார், ஜம்முனு இருக்கு!"

"அவசரப்படாதீங்க. களிமண்ணுல தண்ணி மெதுவாத்தான் ஊறும். நாளைக்குக் காலைல யாராவது அளந்து போன்ல சொல்லுங்க. எட்டடிக்குக் கீழ நின்னா நீங்க நினைச்ச வீட்டையே கட்டலாம். மேல வந்துடுச்சுன்னா வேற மாதிரி யோசிக்கணும்." துளைக்குள் ஒரு குழாயை இறக்கி மூடி போட்டார். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு ஒன்றை, நுனியில் கனத்துக்கு ஓர் இரும்பு நட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

'யாராவது' என்றால் அந்த வீட்டில் சின்னவள்தான்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது கணவன் அவள் காதருகே வந்தான். "எது வந்தாலும் ஒன்பதுன்னு சொல்லிடு."

"பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"மெதுவாப் பேசு. உனக்காகத்தான் சொல்றேன். ஆயுசுக்கும் இங்கயே கிடக்கப் போறியா?"

திரைக்கு வெளியே அண்ணன் இருமினார். கணவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மனையில் ஈ காக்கை இல்லை. மூடியைத் திறந்து கயிற்றை அடிவரை இறக்கினாள். இழுத்துப் பார்த்தால், மேலிருந்து நாலாவது முடிச்சிலேயே ஈரம் தொடங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். அதே நாலு. பாழாய்ப் போன தண்ணீர், ஒரு முடிச்சாவது இறங்கி நிற்கக் கூடாதா?

போனைக் கையில் எடுத்தவளுக்கு ஒன்பது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? துளையில் நாலு கூடை மண்ணைத் தள்ளினால் முடிந்தது கதை. அந்த வீடு அவளுக்கு வேண்டும், இன்றைக்கே வேண்டும். ஆனால் கண்ணை மூடினால், அவளுடைய புது அறைக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அவள் தள்ளுகிறாள், தோளால் முட்டுகிறாள், அது மூட மாட்டேன் என்கிறது. அந்த இடுக்கு வழியாக வெளியே யாரோ இருமுகிறார்கள்.

"நாலடி சார்," என்றாள்.

"நல்லாப் பாத்தீங்களாம்மா?"

"ரெண்டு தரம் பாத்தேன்."

கால் மணி நேரத்தில், மண்ணுக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டு, கணவன் போனில் கூப்பிட்டான். "என் தலைல மண்ணை வாரிப் போட்டுட்டியே!" என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. தன் தலையிலும் சேர்த்தே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் மண்ணுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து, பழைய வரைபடத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் போட்டார். "ஆழத்துல தூண் இறக்கி அதுமேல தரையைத் தூக்கணும். அஸ்திவாரமே பாதிப் பணத்தைத் தின்னுடும். இப்போதைக்கு ஒரு ரூம், ஒரு பாத்ரூம். மத்தது பின்னாடி பாத்துக்கலாம்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். ஓரகத்திக்கு மனசு தாங்கவில்லை. "ஒரு ரூமுக்கா இவ்வளவு பாடு? இங்கயே இருங்களேன், யாரு உங்களைப் போகச் சொன்னா?" என்றாள். வாய் வார்த்தையில்லை, உண்மையான பாசம். திரைக்குப் பின்னால் சின்னவள் எழுந்து நின்றாள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "சார், அந்த ஒரு ரூமுக்குக் கதவு..."

"கதவில்லாம ரூமாம்மா?" அவர் சிரித்தார்.

"சிக்காம மூடுமா?"

அவர் சிரிப்பை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "தூண் மேல நிக்கிறதும்மா. ஆயுசுக்கும் மூடும்."

"அப்ப அதையே கட்டிடுங்க," என்றாள். கணவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பிறகு திரைக்குப் பின்னால் போய், குளியலறைக் குழாயைத் தேடி ஓடாமல், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அழுதாள்.