தனியாக நிற்கும் பாதி

அளக்க வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மேஸ்திரியின் மனைவி அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பாடம் ஒன்றும் பெரிதில்லை. வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

“எது கேட்டாலும் தெரியலைங்கன்னு சொல்லுங்க. பழைய வீடு, ஏதோ நின்னுட்டிருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா? எல்லாம் எனக்குத் தெரியும்.”

“சின்னப் பிள்ளையா இருந்தா மிட்டாயக் குடுத்து ஒரு மூலையில உக்கார வெச்சிருவேனே.”

விஷயம் இதுதான். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் வந்துவிட்டது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அவர்கள் கேட்கவில்லையே, எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி வீட்டில் கோடு நட்டநடுவில் விழுந்தது. வாசலும் முன்னறையும் போகும். பின்னால் ஒரு அறையும் சமையலறையும் மிஞ்சும். மிஞ்சுகிற பாதி தனியாக நிற்காது என்று இன்ஜினியர் எழுதிவிட்டால், வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருக்கும் குடியிருப்பில் ஒரு வீடு கொடுப்பார்கள். நிற்கும் என்று எழுதிவிட்டால் வெட்டிய பாதிக்கு மட்டும் இழப்பீடு. மீதிப் பாதியில் இருந்துகொள்ளலாம், லாரிகளோடு.

அவளுக்கு அந்தக் குடியிருப்பு வேண்டும். ஆசைக்கு இல்லை, மூச்சுக்கு. ஆஸ்துமா அவளைப் பிடித்துப் பல வருஷமாகிறது. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து பிழைத்து வந்தாள். “தூசியும் புகையும் இல்லாத இடமாப் பாத்துப் போயிடுங்கம்மா, இன்னொரு தடவ இப்படி வந்தா நான் பொறுப்பில்ல” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கே போவது? அவர்களுக்கென்று இருந்ததெல்லாம் இந்த ஒரு வீடு. அதனால் நோட்டீஸ் வந்து தெருவே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் ஒருத்திக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டினால் அடிக்க வருவார்கள் என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தாள். பஸ் ஏறிப் போய் அந்தக் குடியிருப்பைப் பார்த்தும் வந்துவிட்டாள். அங்கே நின்று ஒரு மூச்சு முழுசாக இழுத்துப் பார்த்ததாக மகளிடம் போனில் சொன்னாள்.

இன்ஜினியர் ஒரு பகல் வேளையில் வந்தார். சின்ன வயசு. வெயிலில் பல வீடு ஏறி இறங்கிய அலுப்பு முகத்தில் தெரிந்தது. நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றினார், சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். அட்டையில் சொருகியிருந்த காகிதத்தில் எழுதத் தொடங்கினார்.

“பழைய வீடு. முன்னாடி வெட்டுனா பின்னாடியும் சேந்து உக்காந்துரும். நிக்காதுன்னே போட்டுடறேன்.”

சமையலறை வாசலில் நின்றிருந்தவளுக்கு உயிரே வந்தது. மேஸ்திரியும் பாடத்தை மறக்காமல், “ஆமாங்க, பழைய வீடுங்க” என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்தப் பையன் எழுதிக்கொண்டே சும்மா இருந்திருக்கலாம்.

“யார் கட்டுனாங்களோ. கத்துக்குட்டி வேலையா இருக்கு” என்றார் இன்ஜினியர்.

போச்சு. மேஸ்திரியின் காது மடல் சிவந்தது. இந்த வீட்டை அவர் ஆள் வைத்துக் கட்டவில்லை. பகலெல்லாம் ஊரார் வீட்டைக் கட்டிவிட்டு வந்து, மீந்த வெளிச்சத்தில் தன் கையால் ஒவ்வொரு செங்கல்லாக வைத்தது. மண் சுமந்தவள் அதோ சமையலறை வாசலில் நிற்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். இல்லை, மாட்டார். எந்த மேஸ்திரியும் மாட்டான்.

“கத்துக்குட்டியா? சார், இப்படி வாங்க” என்று இன்ஜினியரின் கையைப் பிடித்து நடுச்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். “இங்க மேல பாருங்க. முன்னறைச் சுவத்து மேல தனியா கான்கிரீட் பெல்ட்டு, பின்னறைக்குத் தனியா பெல்ட்டு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கம்பி கூடப் போகாது. பில்லரும் ரெண்டு ரெண்டாத்தான் நிக்கிது. கையில காசு இல்லாத காலம், பின்னாடி முதல்ல கட்டிக் குடி வந்துட்டு, முன்னாடி அப்புறமா ஒட்டுனது. ஒவ்வொண்ணும் தனிப் பெட்டி. நீங்க முன்னாடிய வெட்டி எடுத்தாலும் பின்னாடி ஒரு கீறல் விழாது.”

உள்ளே ஒரு பாத்திரம் தடாலென்று விழுந்தது. அது தானாக விழவில்லை. அவள்தான் போட்டாள். மேஸ்திரிக்கு அது கேட்கவேயில்லை.

“ஒரு கீறல் விழுந்தா இந்தக் கையால இனிமே பூசுற கரணையத் தொடமாட்டேன்” என்று முடித்தார்.

இன்ஜினியர் சுவரை மறுபடி தட்டினார். பூச்சை ஒரு இடத்தில் கொஞ்சம் சுரண்டச் சொல்லிப் பார்த்தார். மேஸ்திரி சொன்னது அத்தனையும் நிஜம். “சபாஷ் மேஸ்திரி, நல்ல வேலை” என்று மனசாரச் சொல்லிவிட்டு, எழுதியதை அடித்து மாற்றி எழுதிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றார். திரும்பியபோது மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“நான் என்ன சொன்னேன்னு எனக்கே…” என்று ஆரம்பித்தார்.

“கேட்டுச்சு” என்றாள் அவள். அன்று முழுக்க அதற்கு மேல் பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு மெஷின் வந்தது. வரிசையாக எல்லா வீட்டையும் கடித்துக்கொண்டு வந்து இவர்கள் வாசலில் நின்றது. ஓட்டுநர் கண்டபடி இடித்துத் தள்ளிவிடுவானோ என்று மேஸ்திரி பக்கத்திலேயே நின்று எங்கே வெட்ட வேண்டும், எங்கே கம்பி இருக்கிறது என்று கை காட்டினார். கை காட்டாமலாவது இருந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். வேலை என்று வந்துவிட்டால் அந்த மனுஷனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. முன்பாதி விழுந்தது. பின்பாதி நின்றது. சொன்னது சொன்னபடி ஒரு கீறல் இல்லை. வேடிக்கை பார்த்த கூட்டம் கைதட்டியது. மேஸ்திரி அந்தக் கைதட்டலைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

ரோடு போட்டார்கள். படுக்கிற அறைக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சுவரும் ஒரு சாக்கடையும்தான். துடைத்த தட்டு மறுபடி துடைப்பதற்குள் கறுத்தது. குடத்துத் தண்ணீரில் பாலாடை மாதிரி ஒன்று படிந்தது. அவள் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். சாத்தினால் உள்ளே புழுக்கம், திறந்தால் புகை. மருந்தை இழுக்கும் குப்பி முந்தானையிலேயே முடிச்சாகக் கிடந்தது. உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டாள். பக்கத்தில் படுத்திருக்கும் மேஸ்திரிக்கு அவள் மூச்சு விசில் மாதிரி கேட்கும். வீட்டை விற்கலாம் என்று பார்த்தால் அந்தத் துண்டை வாங்க நாதியில்லை. மகள் வீட்டிலோ அவர்களே ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கெஞ்சினார், காலில் விழாத குறை. கடைசியில் மறுபடி பார்க்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். வயதான அம்மா, கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். கார் வந்து நின்றதும் எதிர்ச்சாரி ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்வரிசையில் ரேடியோ நின்றார். தெருவில் நடக்கிற எதையும் அடுத்த நிமிஷம் ஒலிபரப்பிவிடுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

“இன்ஜினியர் நல்லாருக்குன்னு எழுதியிருக்காரே. நானும் பாக்கறேன், நல்லாத்தான் இருக்கு” என்றார் அதிகாரி.

“வெளிய பூச்சுதாங்க நல்லாருக்கு” என்றார் மேஸ்திரி. “உள்ள ஒண்ணுமில்ல. சிமெண்டு பாதிதான் போட்டேன். கம்பி மெலிசு. அன்னிக்கி இன்ஜினியர்கிட்ட ஜம்பத்துக்குச் சொன்னேம்மா. எல்லாம் பொய்.”

சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதிகாரி யோசித்தார்.

“கட்டுன நீங்களே இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் மாத்தி எழுதறதுக்கு வழி இருக்கு. வீட்ட முழுசா எடுத்துக்கலாம். குடியிருப்புல இன்னும் சில வீடு காலியாத்தான் கிடக்கு.”

“போடறேம்மா. இப்பவே போடறேன்.”

ரேடியோ முன்னால் வந்தார். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

“மேஸ்திரி, எங்க மாடியும் நீங்கதான கட்டுனீங்க. மருமக அங்கதான் படுத்திருக்கா, மாசமா இருக்கா. அதுலயும் இப்படித்தான் பண்ணுனீங்களா?”

மேஸ்திரி அதிகாரியின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால், தன் வீட்டில் மட்டும் சிமெண்டைக் குறைத்ததாகச் சொன்னதை அந்த அம்மா நம்பமாட்டார். தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சொல்லுங்க மேஸ்திரி.”

“ஆமா” என்றார் மேஸ்திரி. “அதுலயும்தான்.”

கூட்டத்தில் இருந்த ஒரு பெண் திரும்பித் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள். அதிகாரி பேனாவை மேஸ்திரியிடம் நீட்டினார்.

அப்போதுதான் அவர் மனைவி வெளியே வந்தாள். ரோட்டுப் புகையில் வந்து நின்றதும் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள். பிறகு பேசினாள்.

“அவரு பொய் சொல்றாரும்மா. இந்த வீட்டுக்குச் சிமெண்டு கொழச்சுக் குடுத்தது நான்தான். ஒரு சட்டி கூடக் கொறையல. எனக்கு மூச்சு முடியல, அதுக்காக இப்படிச் சொல்றாரு. இந்தத் தெருவுல இவரு கட்டுன வீடு ஒண்ணும் விழாது.” ரேடியோவைப் பார்த்தாள். “அண்ணே, உங்க மருமகள நிம்மதியாப் படுக்கச் சொல்லுங்க.”

“ஏய், உள்ள போ” என்றார் மேஸ்திரி. குரல் எழும்பவில்லை. “அம்மா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கையெழுத்துப் போடறேன், குடுங்க.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா இப்ப என்னால எழுத முடியாது. இத்தன பேர் முன்னாடி சொல்லிட்டீங்க” என்றார். அவர் போன பிறகு கூட்டமும் கலைந்தது. போகும்போது ரேடியோ மேஸ்திரியின் தோளைத் தொட்டார்.

மேஸ்திரி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தார்.

“கெடச்சிருச்சே. கையில வந்துருச்சே. ஏன் அப்படிச் சொன்ன?”

அவள் குப்பியை வாயில் வைத்து இழுத்தாள். இரண்டாம் தடவை அழுத்தியபோது அதில் ஒன்றும் வரவில்லை.

“அந்தப் பொண்ணு கூரையப் பாத்தா, பாத்தீங்களா?” என்றாள். அடுத்த வார்த்தைக்கு வெகுநேரம் ஆனது. “ஒருத்தி மூச்சு விடறதுக்கு… ஊரே மூச்சப் பிடிச்சிட்டுத் தூங்கணுமா?”

“ஊரு எப்படியோ போகட்டும். எனக்கு நீ வேணும்” என்றார் மேஸ்திரி. கல்யாணமானதிலிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லிவிட்டு அழுதார்.

அவள் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வெளியே கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வீடு கொஞ்சம் கூட அசையவில்லை.